வெரோணிக்கா சரிபார்த்த பெயர்கள்

தக்கலை தாலுகா அலுவலகத்தில் ஒரு பழைய பதிவேட்டைப் பார்ப்பதற்காகப் பெஞ்சில் காத்திருந்தபோது அந்த அழைப்பு வந்தது. தெரியாத எண். "சாரே, நான் வெரோணிக்காவுக்க மைனி பேசுதேன்" என்றது ஒரு பெண்குரல். மைனி என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன் மனைவி. பின்னணியில் யாரோ நாற்காலிகளை இழுத்துப் போடும் சத்தம் வந்தது.

"அவ போயிட்டா சாரே. காலம்பற. நாளைக்குப் பத்து மணிக்குக் கோயில்ல அடக்கப் பூசை. உங்களுக்குச் சொல்லணும்னு அவ பறஞ்சிருந்தா."

வருகிறேன் என்றேன். நோய் முற்றியிருந்தது எனக்குத் தெரியும். ஒரு மாதமாக இந்தச் செய்தியை எதிர்பார்த்துத்தான் இருந்தேன். ஆனால் அதைச் சொல்ல அந்த மைனியே என்னை அழைப்பார் என்று சில ஆண்டுகளுக்கு முன் நான் நினைத்திருக்க மாட்டேன். ஒரு காலத்தில் அவர் வெரோணிக்காவின் பெயரைக் கேட்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர். எழுத்தர் பதிவேட்டைத் தூசி தட்டிக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினேன்.

வெரோணிக்காவை அறிந்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். அவரோடு களப்பணிக்குப் போனவர்களுக்கு, அவரிடம் திட்டு வாங்கியவர்களுக்கு, அவர் திருப்பி அனுப்பிய தாள்களைத் திரும்பத் திரும்ப எழுதியவர்களுக்கு. மற்றவர்கள் அவர் பெயரை எங்கள் அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில், 'தகவல் சேகரிப்பு' என்ற சொல்லுக்கு நேரே, சிறிய எழுத்தில் பார்த்திருக்கலாம். அந்தச் சிறிய எழுத்து எவ்வளவு பெரிய பிழை என்பதை நான் உணர்ந்தபோது பல அறிக்கைகள் அச்சாகியிருந்தன.

நான் நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்தேன். கூடவே ஒரு சிறிய ஆய்வு மையத்தின் வேலைகளையும் பார்த்தேன். சுனாமி வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கடற்கரை ஊர்களில் தொழில் இழந்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு செய்ய முடிவெடுத்து, களப்பணிக்கு ஆறு பேரைச் சேர்த்தோம். அவர்களில் ஒருவர் வெரோணிக்கா. வயதில் எனக்கு ஏறத்தாழச் சமம். குளச்சலுக்கு மேற்கே உள்ள ஒரு கடற்கரை ஊர்க்காரர். வரலாறு படித்தவர். நிரந்தர வேலை என்று எதுவும் வாய்க்காமல், யார் கணக்கெடுப்பு நடத்தினாலும் தற்காலிகமாகப் போய் வந்துகொண்டிருந்தவர்.

முதல் கூட்டத்தில் நான் தயாரித்திருந்த அட்டவணையை ஆளுக்கொரு பிரதி கொடுத்தேன். ஏற்கெனவே அச்சில் வெளிவந்த பட்டியல்களிலிருந்து ஊர்வாரியாக எடுத்தது. ஆண்களின் தொழில் ஒரு பத்தியில், பெண்களின் தொழில் இன்னொரு பத்தியில். வெரோணிக்கா தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் படித்தார்.

"சாரே, இதுல பொம்பளைகளுக்கு நேரே எல்லாம் 'வீட்டு வேலை'ன்னு கிடக்கே. இது ஆருக்க கணக்கு?"

"அச்சில் வந்த புள்ளிவிவரம். நான் எழுதியது இல்லை" என்றேன். அந்தப் பதிலில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

"உங்களுக்கு வீடு எங்க?"

"தக்கலை."

"தக்கலைல உங்க நடையில மீன் கொண்டு வாறது ஆணா பெண்ணா?"

"பெண்கள்தான்."

"அவங்க எல்லாரும் இந்தத் தாளுல வீட்டுக்குள்ள இருக்காங்க. பின்ன உங்க வீட்டு மீன் தானா நடந்து வந்துதா?"

மற்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தாளை மடியில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "குத்தம் சொல்லல்ல சாரே. நானும் இப்பிடித்தான் எழுதினேன். ஒரு கணக்கெடுப்புக்குப் போனப்ப வாசல்ல நின்னு கேப்பேன். ஆம்பிள வந்து பதில் சொல்லுவாரு. பெண்டாட்டிக்கு என்ன வேலைன்னு கேட்டா 'வீட்டுல இருக்கா'ம்பாரு. அந்த நேரத்துல அவ சந்தையில இருப்பா. நான் வீட்டு வேலைன்னு எழுதிட்டு அடுத்த வீட்டுக்குப் போவேன். சாயங்காலத்துக்குள்ள தெருவ முடிக்கணும்லா. எங்க அம்மைக்கு நேரேயும் ஒருத்தர் அப்பிடி எழுதியிருப்பாரு. அவ சாவது வரைக்கும் தலையில மீன் சருவம் சுமந்தவ."

நான் பல ஆண்டுகளாக மாணவர்களுக்குப் புள்ளிவிவரம் கற்பித்திருந்தேன். சராசரி, விலகல், மாதிரி எல்லாம் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஓர் எண்ணை வாசலில் நின்று உண்டாக்கிய ஒருவரை அன்றுதான் நேரில் பார்த்தேன். அந்த அட்டவணையை அன்றே ஒதுக்கி வைத்தோம்.

அது சொல் பற்றிய விவாதம் மட்டும் அல்ல. தொழில் இழந்தவர்களுக்கு உதவி செய்யப் பட்டியல்கள் தயாராகிக்கொண்டிருந்தன. படகு இழந்தவருக்கும் வலை இழந்தவருக்கும் ஏதாவது ஒரு காகிதம் இருந்தது. மீன் விற்ற பெண்ணுக்கு ஒன்றுமே இல்லை. நாங்கள் போய்ப் பேசிய அதிகாரி மோசமானவர் அல்ல. "அவங்க வியாபாரம் செஞ்சாங்கன்னு எனக்கும் தெரியும். சான்று கொண்டு வாங்க. ஒண்ணும் இல்லாம நான் எதை வச்சு எழுத?" என்றார். வெளியே வந்ததும் வெரோணிக்கா, "அவரு கேக்கது நியாயந்தான். தேடுவோம்" என்றார்.

தேடுவது என்றால் அவருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. பழைய நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில், ஒரு மீன்காரி விடியற்காலையில் கரையில் மீன் எடுப்பதிலிருந்து வீடு திரும்பும் வரை செய்யும் காரியங்களை வரிசையாக எழுதினார். ஒவ்வொன்றுக்கும் நேரே, 'இங்கே யாராவது ஏதாவது எழுதுவார்களா?' என்று கேட்டுக்கொண்டார். கரையில் ஏலம் வாயால் நடக்கும், எழுத்து இல்லை. பேருந்தில் சருவத்துக்கு, அதாவது மீன் சுமக்கும் அகன்ற பாத்திரத்துக்கு, சுமைச் சீட்டு உண்டு. அதை விசாரித்தபோது பழைய தாள்கள் எதுவும் மிஞ்சவில்லை என்று தெரிந்தது. கடைசியில் சந்தை வாசல். உள்ளே போகும் ஒவ்வொரு சருவத்துக்கும் குத்தகைக்காரர் காசு வாங்கிக்கொண்டு ஒரு சீட்டுக் கிழித்துக் கொடுப்பார். "கிழிச்ச சீட்டு அண்ணைக்கே காத்துல போயிரும். புத்தகத்துல மிஞ்சுத அடிக்கட்டை ஆருக்க கையில இருக்கு?" என்றார்.

திருவட்டாறு பக்கத்தில் ஒரு சந்தை. குத்தகைக்காரர் வயதானவர், சந்தேகப் பேர்வழி. முதல் சனிக்கிழமை எங்களைப் பார்த்ததும் எழுந்து போய்விட்டார். இரண்டாவது சனிக்கிழமை, அப்படி ஒன்றும் இல்லை என்றார். நான் விட்டுவிடலாம் என்றேன். மூன்றாவது வாரம் வெரோணிக்கா தனியாகப் போனார். நான்காவது வாரம் நானும் கூடப் போனபோது, வாழைக்குலைக் கொட்டகையின் மூலையில் இரண்டு சாக்குகளைக் காட்டினார் அந்தப் பெரியவர்.

"இது குப்பை அம்மா. அடுப்பெரிக்கப் போட்டிருக்கேன். இத வச்சு உனக்கு என்ன காரியம்?"

"எரிக்கதுக்கு முன்ன ஒரு மாசம் எனக்குத் தாருங்க. நான் படிச்சிட்டுக் கொண்டு வந்து போடுதேன். பெறவு எரிச்சுக்கிடுங்க."

"எனக்க மேல கேசு ஒண்ணும் வராதுல்லா?"

"உங்க பேரே எழுத மாட்டேன்."

எழுதவும் இல்லை. அந்தச் சந்தையின் பெயர் இன்றுவரை எந்த அறிக்கையிலும் கிடையாது. எலி கடித்தது போக மீதி அடிக்கட்டைகளில் நாளும், சருவங்களின் எண்ணிக்கையும், எந்த ஊர்ப் பெண்கள் என்பதற்கு ஓர் எழுத்தும் இருந்தன. ஊர் வாரியாகத்தான் உட்கார இடம் என்பதால் அந்த எழுத்தைப் போட்டிருக்கிறார்கள். எனக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. அன்றைக்கே அட்டவணை போடத் தொடங்கிவிடலாம் என்றேன்.

"கொஞ்சம் நில்லுங்க சாரே" என்றார் வெரோணிக்கா. "இத எழுதினது ஆரு? எதுக்கு எழுதினாரு? கூட்டி எழுதினா அவருக்கு லாபமா, குறைச்சு எழுதினா லாபமா? இது தெரியாம தொடாதிய."

அவரோடு வேலை செய்த எல்லோருக்கும் இந்த மூன்று கேள்விகள் மனப்பாடம். எந்தத் தாளைக் கொண்டுபோனாலும், அது அரசிதழ் என்றாலும், பெரிய பல்கலைக்கழகத்தில் அச்சானது என்றாலும், அவர் இதைத்தான் முதலில் கேட்பார். அன்று கேட்டதோடு நிற்கவில்லை. அடுத்தடுத்த சந்தை நாட்களில் வாசலுக்கு எதிரே ஒரு தேநீர்க் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, உள்ளே போகும் ஒவ்வொரு சருவத்துக்கும் ஒரு புளியங்கொட்டையைப் பைக்குள் போட்டார். சந்தை கலைந்ததும் கொட்டைகளை எண்ணி, அன்றைய அடிக்கட்டையோடு ஒப்பிட்டார். எல்லா நாளும் அடிக்கட்டையில் குறைவாகவே இருந்தது. வரும் ஆண்டு குத்தகை ஏலத்தில் சந்தையின் மதிப்பு கூடிவிடக் கூடாது என்று பெரியவர் சில சருவங்களை எழுதாமல் விடுகிறார் என்று தெரிந்தது.

எனக்கு மனசு விட்டுப்போனது. பொய்க் கணக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றேன்.

"பொய்யிலயும் ஒரு திசை இருக்கு சாரே. இவரு குறைச்சு எழுதுவாரு, கூட்டி எழுத மாட்டாரு. அப்ப இது நமக்குத் தரை. இதுக்குக் கீழ எண்ணிக்கை போவாது. இத்தனை பேராவது இருந்தாங்கன்னு தைரியமா சொல்லலாம்."

அறிக்கையின் இரண்டாம் அத்தியாயத்தில் இதை நான் இலக்கணத் தமிழில் எழுதினேன். அவர் சொன்ன அளவுக்கு அது நன்றாக இல்லை.

அடிக்கட்டைகளில் பெயர்கள் கிடையாது. பெயர்ப் பட்டியலை ஊர் ஊராகப் போய்த் தனியே எடுத்தோம். ஒவ்வோர் ஊரிலும் எங்களுக்குக் கிடைத்த பெயர்கள் அடிக்கட்டை காட்டியதைவிடக் கொஞ்சம் அதிகமாக இருந்தன. அது நாங்கள் எதிர்பார்த்ததுதான். ஓர் ஊரில் மட்டும் மிக அதிகமாக இருந்தது. அந்த ஊரை அறிக்கையில் 'ஊர் நான்கு' என்று குறித்திருக்கிறோம். அது வெரோணிக்காவின் சொந்த ஊர். அந்த ஊர்ப் பட்டியலை மட்டும் ஊர்க் கமிட்டிக்காரர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். தெரிந்தவர்கள் என்பதால் அவரும் அதை அப்படியே வாங்கி வந்துவிட்டார்.

நான்தான் முதலில் அந்த முரணைப் பார்த்தேன். அவரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். சொன்னபோது அவர் அட்டவணையை வாங்கிப் பார்த்தார். "மத்த ஊருல ஒவ்வொரு வீடா ஏறினேன். எனக்க ஊருன்னதும் கால் வலிச்சுது போல" என்றார். பிறகு, "நாளைக்குப் போவோம். நீங்களும் வாருங்க, நான் தனியாப் போனா கேக்காம வந்திருவேன்" என்றார்.

அவர் வைத்த சோதனை எளிமையானது. சந்தையில் உங்கள் வலப்பக்கம் யார், இடப்பக்கம் யார்? உண்மையில் மீன் விற்றவள் கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அந்த இரண்டு பேரிடமும் போய் அதே கேள்வியைக் கேட்டால் இவள் பெயர் வரவேண்டும். காலை முழுவதும் வீடுகளில் ஏறினோம். பல வீடுகளில் பதில் வந்தது. சில வீடுகளில் வரவில்லை. மத்தியானம் அவருடைய அண்ணன் வீட்டுக்கு வந்தோம். பட்டியலில் மைனியின் பெயர் இருந்தது.

"மைனி, நீங்க எந்தச் சந்தைக்குப் போனிய?"

மைனி என்னைப் பார்த்தார். பிறகு அவரைப் பார்த்தார். "ஏட்டி, உனக்கு அறியாதா? எனக்கிட்டயே வந்து கேக்கியா?"

"அறியும். அதுனாலதான் கேக்கேன்."

"எனக்கு ஒண்ணும் போகல்லியா? இந்த வீட்டுக்குள்ள வெள்ளம் வரல்லியா?"

"வந்துது. உங்களுக்குப் போனது தையல் மெஷின். அத மெஷின்னே எழுதுவோம். மீன்னு எழுதினா மெஷினும் பொய்யாப் போவும், மத்தவளுக்க மீனும் பொய்யாப் போவும்."

"ஊருக்காரங்க எல்லாரும் சேர்ந்து எழுதிக் குடுத்தத நீ வெட்டப் போறியா? உனக்கு ஊரு வேண்டாமா?"

வெரோணிக்கா பேனாவை எடுத்து மைனியின் கண் முன்னாலேயே பெயரை அடித்து, ஓரத்தில் தேதியும் காரணமும் எழுதினார். வெளியே வரும்போது அண்ணன் வாசலில் நின்றார். அன்று கடற்கரைச் சாலையில் பேருந்துக்கு நிற்கும்போது வெரோணிக்கா அழுதார். பேருந்து வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கிழக்குத் தெரு பாக்கி இருக்கு. வெள்ளிக்கிழமை வருவோம்" என்றார்.

அடிக்கப்பட்ட பெயர்களில் அவருக்கு உறவுக்காரர்கள் ஐந்தாறு பேர் இருந்தார்கள். தையல் மெஷின், ஆடு, பெட்டிக்கடை என்று மற்றவற்றை இழந்தவர்களுக்கு வேறொரு பட்டியல் போட்டு அவரே கொண்டுபோய்க் கொடுத்தார். அதில் பெரிய பலன் ஒன்றும் கிடைக்கவில்லை. மைனிக்கு மெஷின் வரவில்லை. பல ஆண்டுகள் அந்த வீட்டில் வெரோணிக்காவோடு யாருக்கும் பேச்சு இல்லை. கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனால் கோயிலுக்குப் போய்விட்டு அடுத்த பேருந்தில் திரும்பிவிடுவார்.

இங்கே என்னுடைய தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்தச் சோதனை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு, இரண்டு சாட்சிகள் இல்லாத பெயர்களை எல்லாம் சிவப்பு மையால் அடித்துக்கொண்டே போனேன். அப்படி அடித்தவர்களில் திரேசம்மாள் என்று ஒரு வயதான பெண். அவர் சொன்ன இரண்டு பெயர்களுக்கும் நேரே 'விசாரிக்க இயலவில்லை' என்று இருந்தது. வெரோணிக்கா அந்தத் தாளைப் பார்த்ததும் எழுந்து என் மேசைக்கு வந்தார்.

"இத ஆரு வெட்டினா?"

"நான்தான். விதிப்படி சாட்சி இல்லை."

"சாட்சி எங்க போனாங்கன்னு பாத்தியளா? ரெண்டு பேரும் அண்ணைக்குக் காலம்பற கரையில நின்னாங்க. அலை கொண்டு போச்சு. சாட்சி செத்துப்போனா இவ மீன் விக்கல்லன்னு அர்த்தமா?"

நான் சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். "விதி நான் வச்சதுதான். ஆனா விதிக்கு எட்டாத எடம் எதுன்னு பாக்கதுக்கும் நாமதான் போணும்" என்றார்.

மறுநாள் திரேசம்மாளிடம் போனோம். அவர் அதிகம் பேசுகிற நிலையில் இல்லை. கோயிலுக்குப் பின்னால் வீடுகளுக்கு மீன் கொண்டுபோனதையும், ஒரு வீட்டு வாசலில் மருதாணிச் செடி நின்றதையும் மட்டும் சொன்னார். திருவட்டாறில் கோயிலுக்குப் பின்பக்கத் தெருக்களில் நானும் வெரோணிக்காவும் ஒரு முற்பகல் முழுவதும் நடந்தோம். மருதாணி நின்ற மூன்றாவது வீட்டில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா கதவைத் திறந்தார். கடற்கரையிலிருந்து மீன் கொண்டுவரும் திரேசம்மாளைத் தெரியுமா என்று வெரோணிக்கா கேட்டார்.

அந்த அம்மா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் பாட்டி உயிரோட இருக்காங்களா?"

"இருக்காங்க."

"எனக்க கடவுளே. நெத்திலி கொண்டு வருவாங்க, செவ்வாயும் வெள்ளியும். அந்த ஞாயிறுக்குப் பெறவு வரல்ல. போயிருப்பாங்கன்னுதான் நினைச்சேன். பேருகூட எனக்குச் சரியா அறியாது, ஆரிட்டப் போய்க் கேக்க?" அவர் உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட்டார். எத்தனை ஆண்டுகளாக வந்தார், என்ன மீன், எந்த நேரம் என்று இரண்டு வீட்டுக்காரர்களும் தனித்தனியே சொன்னது ஒத்துப்போனது. வெரோணிக்கா எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார். கிளம்பும்போது அந்த அம்மா, "ஒடம்பு சரியானா வரச் சொல்லுங்க. நெத்திலி இல்லாட்டியும் வரச் சொல்லுங்க" என்றார்.

அதன்பிறகு வாங்குகிற வீடுகளையும் சாட்சியாகச் சேர்த்தோம். சிவப்பு மையால் நான் அடித்த ஒவ்வொரு பெயரையும் மீண்டும் விசாரித்தோம். அவற்றில் சில திரும்பி வந்தன. அறிக்கை பல வாரங்கள் தாமதமாயிற்று. மையத்தில் கேட்டவர்களிடம் எல்லாம் வெரோணிக்கா ஒரே பதிலைத்தான் சொன்னார்: "வேகமா ஒரு பொய் வேணுமா, கொஞ்சம் பொறுத்து ஒரு நிசம் வேணுமா?"

பட்டியலை அதே அதிகாரியிடம் கொடுத்தோம். அவர் எங்களை உட்காரவைத்துவிட்டு, பக்கங்களை அங்கங்கே திறந்து, கண்ணில் பட்ட பெயர்களைத் தம் ஆட்களிடம் எழுதிக் கொடுத்தார். எங்களுக்குத் தெரியாமல் போய் விசாரிக்கச் சொன்னார். அதில் 'ஊர் நான்கு' பட்டியலின் பெயர்களும் இருந்தன. பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். "நீங்க வெட்டின பெயர்களையும் விசாரிச்சோம். அதுவும் சரியாத்தான் இருக்கு" என்றார். வெரோணிக்கா தலையை மட்டும் ஆட்டினார். அந்தப் பெண்கள் மீன் வியாபாரிகள் என்று பட்டியலில் ஏறினார்கள். அடையாள அட்டை வந்தது. திரேசம்மாளின் அட்டையை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, 'தொழில்' என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகு பத்து ஆண்டுகளுக்கு மேல் நாங்கள் சேர்ந்து வேலை செய்தோம். ரப்பர் வெட்டும் தொழிலாளர்கள், முந்திரி உடைக்கும் பெண்கள், வளைகுடாவுக்குப் போனவர்களின் வீடுகள் என்று பல ஆய்வுகள். மையத்துக்குக் கணினி வந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அட்டவணைகள் இறங்கத் தொடங்கின. புதிதாக வந்த ஆய்வாளர்கள் அவற்றை அப்படியே ஒட்டிக்கொண்டு வருவார்கள். அவர் இணையத்தை வெறுத்தவர் அல்ல. எங்கள் எல்லோருக்கும் முன்னால் அதில் தேடக் கற்றுக்கொண்டவர். ஆனால் அட்டவணையைப் பார்ப்பதற்கு முன் அதன் அடியில் உள்ள சின்ன எழுத்துக் குறிப்பைத்தான் படிப்பார். குறிப்பு இல்லாத அட்டவணையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். "கிணறு எங்கன்னு தெரியாத வெள்ளத்த நான் குடிக்க மாட்டேன்" என்பார்.

கடைசி ஓராண்டு அவருக்குச் சிறுநீரகம் பழுதாகி வாரத்துக்கு இரண்டு முறை மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. நாகர்கோவிலில் தனியே இருந்தவரை ஒருநாள் மைனி வந்து, ஒரு வார்த்தை பேசாமல், துணிகளைப் பையில் எடுத்துவைத்து ஊருக்குக் கூட்டிப் போய்விட்டாராம். நான் பார்க்கப் போனபோது மைனிதான் அவருக்குக் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை வெளியே வழியனுப்ப வந்தவர், மதில் ஓரம் நின்று சொன்னார்: "எனக்கு அவமேல இப்பவும் கோவம் உண்டு சாரே. ஊருல பல பேருக்கும் உண்டு. ஆனா அவ பொய் எழுதினான்னு ஒருத்தரும் பறஞ்சதில்ல, கேட்டியளா."

அடக்கத்துக்கு எட்டு ஊர்களிலிருந்து பெண்கள் வந்திருந்தார்கள். பலர் சந்தையிலிருந்து நேராக வந்ததால் சருவங்களைக் கோயில் மதிலோரம் வரிசையாக வைத்துவிட்டு உள்ளே போனார்கள். நான் பின்வரிசையில் நின்றேன். யாரும் சொற்பொழிவு செய்யவில்லை. அவருக்கு அது பிடித்திருக்கும்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது என்ன என்று இந்த நாட்களில் யோசித்தேன். அவருடைய நோட்டுப் புத்தகங்கள் மையத்தின் அலமாரியில் இருக்கின்றன; அவை எல்லோருக்கும் உரியவை. நான் வைத்துக்கொள்வது அவருடைய ஒரு பழக்கத்தை. எந்த ஆய்வு முடிந்தாலும் அறிக்கை அச்சுக்குப் போவதற்கு முன் அதைத் தமிழில் சுருக்கி எழுதி, யாரைப் பற்றி எழுதினோமோ அவர்கள் நடுவில் உட்கார்ந்து உரக்க வாசிப்பார். "நம்மள பத்தி எழுதினது நமக்குத் தெரியாண்டாமா?" என்று ஒரு முந்திரி ஆலைப் பெண் கேட்டதிலிருந்து தொடங்கியது அது. வாசிக்கும்போது யாராவது குறுக்கிட்டால் நிறுத்தி, பென்சிலால் ஓரத்தில் குறித்துக்கொள்வார். நான் அப்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வாசித்து முடிப்பது அவர் வேலை, என் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஆரல்வாய்மொழியில் காற்றாலைகளுக்குக் காவல் நிற்பவர்களைப் பற்றிய எங்கள் ஆய்வு இப்போது முடிந்திருக்கிறது. அதில் அவர் சரிபார்க்காத பக்கங்கள் பாதிக்கு மேல் உண்டு. வருகிற சனிக்கிழமை வேலை நேரம் மாறும்போது அங்கே போகிறேன். சுருக்கத்தை நானே எழுதியிருக்கிறேன். அவர்கள் நடுவில் உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை வாசிப்பேன். பிழை என்று யார் சொன்னாலும் அங்கேயே நிறுத்தி, யாரிடம் கேட்டு எழுதினோம் என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். அறிக்கை இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகும். போகட்டும்.